பெட்டியில் என்ன இருக்கிறது?

(நமது சங்கத்தின் ஆயுத பூஜைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இந்த மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் பேசுவது வழக்கம். கம்பனையும் வள்ளுவனையும் கேட்டுப் பழகிய உங்கள் செவிகளுக்கு, ரயில் நிலையத்து லக்கேஜ் ஆபீசில் மூட்டைக்கு எடை போட்டு ரசீது எழுதும் குமாஸ்தா ஒருவன் என்ன சொல்லிவிடப் போகிறான் என்று நீங்கள் எண்ணலாம். எனக்கும் அந்த எண்ணம் உண்டு. ஆயினும் செயலாளர் என்னை விடவில்லை. "உமக்கு நேர்ந்ததைச் சொல்லும், நாலு குடும்பத்துக்குப் பயன்படும்" என்றார். ஆகவே, விமானப் பயணத்தில் ஆயுதம் என்னும் பொருள் பற்றிச் சில சொற்கள் கூற முன்வந்துள்ளேன். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இன்று காலையில் நம் வீடுகளில் அரிவாள்மணைக்கும், தையல் இயந்திரத்துக்கும், மிதிவண்டிக்கும், பிள்ளைகளின் புத்தகங்களுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டோம். பிழைப்புக்குத் துணைநிற்கும் கருவி எதுவாயினும் அதனை வணங்குதல் நம் மரபு. ஆனால் இந்த ஜபல்பூரில் ஆயுதம் என்ற சொல்லுக்கு அதன் நேர்ப்பொருளும் உண்டு. 1904-ஆம் ஆண்டு தொடங்கிய பீரங்கி வண்டித் தொழிற்சாலையும், கமாரியாவிலுள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையும், இராணுவப் பயிற்சி நிலையங்களும் உள்ள ஊர் இது. நம் காலனியில் வீட்டுக்கு ஒருவராவது ரயில்வேயிலோ, தொழிற்சாலையிலோ, படையிலோ பணியாற்றியவராக இருப்பார். படையிலிருந்து ஓய்வு பெற்ற நம்மவர் சிலர் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வாங்கி, வங்கிக் காவலராக வேலை பார்த்ததுண்டு. எனவே நான் எடுத்துக்கொண்ட பொருள் நமக்கு அந்நியமான பொருளன்று.

விமானத்தில் துப்பாக்கி கொண்டுபோகவே முடியாது என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. பெட்டிக்குள் வைத்து, விமானத்தின் வயிற்றுக்குள் போகும் சுமையோடு அனுப்பிவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று வேறு சிலர் நினைக்கின்றனர். அது அதனினும் பெரிய தவறு. இவ்விரண்டுக்கும் நடுவே சரியான வழி ஒன்று இருக்கிறது. அவ்வழியை ஒரே சொல்லில் கூறிவிடலாம்: 'சொல்லிவிடுதல்'. சொல்லி எடுத்துச் சென்றால் துப்பாக்கியும் நம்மோடு ஊர் வந்து சேரும். சொல்லாமல் எடுத்துச் சென்றால் ஒரு தோட்டாகூட நம்மைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிடும்.

முதலில் சரியான வழி யாதெனப் பார்ப்போம். பயணிகள் அமரும் பகுதிக்குள் துப்பாக்கியோ தோட்டாவோ வரவே கூடாது. கைப்பையில் வைத்தல் ஆகாது. செக்-இன் கவுண்டரில் ஒப்படைக்கும் சுமையில் மட்டுமே அவை போகலாம்; அதுவும் விமான நிறுவனத்தின் முன் இசைவோடுதான். ஆகவே சீட்டு வாங்கும்பொழுதே நிறுவனத்துக்குத் தெரிவித்து, அவர்களுடைய விதி யாது, கட்டணம் யாது என்று கேட்டறிதல் வேண்டும். பயணத்தன்று மற்றவர்களைவிட முன்னதாகவே நிலையத்துக்குப் போதல் வேண்டும். கவுண்டரில் நின்றவுடன், அவர்கள் கேட்கும் முன்பே, "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, இதோ உரிமம்" என்று கூறிவிட வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று காட்டி, எழுத்து மூலம் உறுதி தர வேண்டும். துப்பாக்கி பூட்டிய கெட்டிப் பெட்டியில் தனியே இருக்க வேண்டும். தோட்டாக்கள் குலுங்காதபடி வேறு பொதியில் இருக்க வேண்டும்.

தோட்டாவுக்கு அளவும் உண்டு. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் வகுத்துள்ள ஆபத்துப் பொருள் விதிகளின்படி, ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்கு, பொதியின் எடை உட்பட 5 கிலோவுக்கு மேல் தோட்டா கொண்டுபோகலாகாது. கணவன் பங்கு, மனைவி பங்கு என்று சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டவும் கூடாது. எந்தத் தோட்டாவும் ஆகும் என்பதும் இல்லை. வெடித்துச் சிதறும் குண்டு, தீப்பற்றும் குண்டு ஆகியவை அறவே விலக்கப்பட்டவை. விமானம் இறங்கிய பின்னர் மற்றப் பெட்டிகள் சுழன்று வரும் பட்டையில் துப்பாக்கிப் பெட்டியைத் தேடி நிற்க வேண்டாம். பெரும்பாலும் ஊழியரிடம் நேரில் உரிமத்தைக் காட்டிப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இவ்வளவும் நாள்தோறும் ஒழுங்காக நடைபெறும் காரியம். துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களைப் பாருங்கள். கடலூரில் பிறந்து, நம்மைப் போலவே வெளிமாநிலத்தில், அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் என்னும் பெண், டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் நம் நாட்டின் சார்பாகக் கலந்துகொண்டார். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் அதே பாரிஸில், பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டியில் பங்கேற்றார். இத்தகையோர் துப்பாக்கியின்றிப் போட்டிக்குப் போக முடியாது. விமானமின்றியும் போக முடியாது. காற்றுத் துப்பாக்கியில் அழுத்திய காற்று நிரம்பிய குப்பி இருக்கும். அதிலுள்ள காற்றை முழுதும் வெளியேற்றிய பின்னரே விமானத்தில் ஏற்றுவர். நம் பிள்ளைகளுள் எவரேனும் இவ்விளையாட்டில் ஈடுபட்டால் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. விதியைத் தெரிந்துகொண்டால் போதும்.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் தனியே நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. துப்பாக்கி உரிமத்தில் அது எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். மத்தியப் பிரதேசத்துக்கு மட்டும் என்று எழுதிய உரிமத்தோடு, விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம் என்று திருச்சியில் போய் இறங்கினால், அங்கே அந்த உரிமம் பேசாது. ஒரு மாநிலத்தில் சட்டத்துக்கு உட்பட்டிருந்த பொருள் மற்றொரு மாநிலத்தில் சட்டத்துக்குப் புறம்பாகிவிடும். இந்தியா முழுவதற்கும் செல்லும் உரிமமா என்று பார்த்து, இல்லையேல் முன்கூட்டியே அனுமதி பெற்ற பின்னரே புறப்பட வேண்டும்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்பீர்கள். விதிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஒவ்வொரு விதிக்கும் அடியில் ஒரு துயரம் புதைந்திருக்கிறது.

1971-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட 'கங்கா' என்னும் விமானத்தை இரண்டு இளைஞர்கள் மிரட்டி லாகூருக்குக் கடத்திச் சென்றனர். அவர்கள் காட்டிய துப்பாக்கி போலித் துப்பாக்கி, கைக்குண்டும் போலியே. விமானமோ பின்னர் மெய்யாகவே தீக்கிரையாயிற்று. பிள்ளையின் கையிலிருக்கும் விளையாட்டுத் துப்பாக்கியைக்கூட விமானத்துக்குள் ஏன் விடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் இரவு, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில், பயணி ஒருவர் சுமையாக ஒப்படைத்துவிட்டுத் தாம் விமானம் ஏறாமல் போன பெட்டிகள் வெடித்து, முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23-ஆம் நாள், கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேல் வெடித்துச் சிதறி, 329 பேர் மடிந்தனர். அங்கும் கதை அதுவே: பெட்டி ஏறியது, பெட்டிக்குரியவன் ஏறவில்லை. அதே நாளில் ஜப்பானிலுள்ள நரிதா விமான நிலையத்தில் மற்றொரு பெட்டி வெடித்தது. அதில் உயிரிழந்த இருவரும் சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளிகள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சுமைகளோடு உழைக்கும் ஒருவன். ஆதலால் அவ்விருவரையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

1976-இல் நடந்த ஒரு விமானக் கடத்தலுக்குப் பின், 1978-இல் நம் நாட்டில் விமானப் பாதுகாப்புக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. கனிஷ்கா துயரத்துக்குப் பின், 1987-இல் அது தனித் துறையாயிற்று. ஏறாத பயணியின் பெட்டியை இறக்கிய பின்னரே விமானம் கிளம்ப வேண்டும் என்பதும், ஒவ்வொரு பெட்டியையும் எக்ஸ்ரே கருவியில் பார்த்தே ஏற்ற வேண்டும் என்பதும் இவ்வாறு வேரூன்றிய வழக்கங்கள். ஆகவே, "அடியில் போகும் பெட்டிதானே" என்று எவரும் அலட்சியமாக இருக்க வேண்டாம். அடியில் போகும் பெட்டியையும் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

நண்பர்களே! இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் வியக்கலாம். புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் மாமனார் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை உரிமத்தோடு வாங்கி, இவ்வூரில் வங்கிக் காவலராகப் பதினான்கு ஆண்டுகள் பணி செய்தார். அவருடைய துப்பாக்கி ஒரு நாளும் எவரையும் நோக்கிச் சுட்டதில்லை. 2016-இல் அவர் காலமானார். உரிமம் பெற்றவர் இறந்துபோனால், துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும் என்பது சட்டம். அவ்வண்ணமே ஒப்படைத்து ரசீது பெற்றோம். அப்பொழுது தோட்டாக்களை எண்ணினார்கள். உரிமப் புத்தகத்தின் கணக்குப்படி பத்து இருக்க வேண்டும், ஒன்பதுதான் இருந்தன. எப்பொழுதாவது பழுது பார்க்கையில் ஒன்றைச் சுட்டுப் பார்த்திருப்பார் என்று நாங்கள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். வணிகரும் ஏற்றுக்கொண்டார்.

இதை இங்கே நான் வெட்கத்தோடு கூறுகிறேன். எங்கள் லக்கேஜ் ஆபீசில் பத்து மூட்டை வர வேண்டிய இடத்தில் ஒன்பது வந்தால் நாங்கள் உறங்கமாட்டோம். முந்தைய நிலையத்துக்குச் செய்தி கொடுப்போம், வண்டியைத் தேடுவோம், பேரேட்டைப் புரட்டுவோம். அந்தப் பழக்கம் கொண்ட நான், என் வீட்டுக் கணக்கில் குறைந்த ஒன்றைத் தேடாமல் விட்டேன்.

மாமனாரின் உடைமைகளில் கெட்டியான கான்வாஸ் பை ஒன்று இருந்தது. வீணாக்க மனமின்றி நாங்கள் வைத்துக்கொண்டோம். காய்கறிக்கும் போயிற்று, தீபாவளித் துணி வாங்கவும் போயிற்று.

2018-ஆம் ஆண்டு ஒரு நாள் விடியற்காலையில், ஊரிலிருந்து என் அண்ணன் பேசினார். கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூர் எங்களுடையது. அம்மாவுக்கு மூச்சுத் திணறல் என்றும், மருத்துவர் கையை விரித்துவிட்டார் என்றும் சொன்னார். ரயில்வே ஊழியன் கையில் பாஸ் இருக்கையில் விமானம் எதற்கு? ஆனால் இங்கிருந்து சென்னைக்கே ஒரு நாளுக்கு மேல் ஆகும். என் மனைவி தன் வளையலை எடுத்து நீட்டினாள். வாழ்வில் முதன்முறையாக விமானச் சீட்டு வாங்கினேன். கைக்கு அகப்பட்ட பையில் நாலு வேட்டி சட்டைகளைத் திணித்துக்கொண்டு, பெரிய நகரம் ஒன்றிலுள்ள விமான நிலையத்துக்கு ஓடினேன். கைக்கு அகப்பட்ட பை அந்தக் கான்வாஸ் பை.

பையைக் கவுண்டரில் ஒப்படைத்து, போர்டிங் பாஸ் பெற்று, உள்ளே அமர்ந்திருந்தேன். விமானம் கிளம்ப முக்கால் மணி நேரம் இருக்கையில் என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். ஓர் அறைக்குக் கொண்டுபோய், மேசைமீதிருந்த என் பையைக் காட்டி, "இது உம்முடையதா? உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்டார் ஓர் அதிகாரி. நாள்தோறும் நூறு பேரிடம் நான் கேட்கும் கேள்வி அது. "துணிமணி" என்றேன். நாள்தோறும் நூறு பேர் எனக்குச் சொல்லும் விடையும் அதுவே.

திறக்கச் சொன்னார். துணிகளை எடுத்தேன். பையின் அடியிலிருந்த அட்டையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். அட்டைக்கும் துணிக்கும் நடுவே, தையல் பிரிந்த ஓரத்தில், சுண்டு விரல் நீளத்தில், பித்தளைக் குதிகாலோடு ஒரு சிவப்புத் தோட்டா கிடந்தது.

பத்தாவது தோட்டாவை நான் கண்டுகொண்டேன்.

அந்த அதிகாரி கடுஞ்சொல் ஒன்றும் கூறவில்லை. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "நீர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் உண்மையா இல்லையா என்று தீர்மானிக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். அவரை நான் குறை கூறேன். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். காவல் நிலையத்துக்கு அனுப்பினார்கள். உரிமமின்றித் தோட்டா வைத்திருந்ததாக ஆயுதச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் கீழ் வழக்குப் பதிவாயிற்று. எனக்குரிய இருக்கை காலியாக, விமானம் சென்னைக்குப் பறந்து போயிற்று.

இரவு பதினொரு மணிக்கு அம்மா காலமானார்.

எங்கள் பக்கத்து வழக்கத்தில் தந்தைக்கு மூத்த மகனும், தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பார்கள். அந்த இளைய மகன் நான். அண்ணன் தொலைபேசியில், "எங்கேடா இருக்கிறாய்? உனக்காகத்தான் வைத்திருக்கிறோம்" என்று கேட்டார். காவல் நிலையத்து விசுப்பலகையில் உட்கார்ந்துகொண்டு, "விமானம் தாமதம் அண்ணா" என்றேன். அந்த மனிதரிடம் நான் அதுவரை பொய் சொன்னதில்லை.

மறுநாள் மாலை நாலு மணிக்கு நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தது. அரசு ஊழியன் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் பணியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவனாகவே கொள்ளப்படுவான் என்பது எங்கள் ஒழுங்கு விதி; அதற்குள் வெளிவந்தேன். ஆனால் ஊரில் பொழுது சாயும்வரை காத்திருந்துவிட்டு, அண்ணனே கொள்ளி வைத்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபொழுது வீடு கழுவி விடப்பட்டிருந்தது. திண்ணையில் அம்மாவின் சுருக்குப்பை இருந்தது. அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "முன்பே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கூறினார்.

வழக்கு ஓராண்டு எட்டு மாதம் நடந்தது. மாமனாரின் உரிமப் புத்தகம், துப்பாக்கியை ஒப்படைத்த ரசீது, ஒன்பது தோட்டாக்களின் கணக்கு ஆகியவற்றை உயர் நீதிமன்றத்தில் வைத்தோம். ஒரு பொருள் ஒருவன் உடைமையில் இருந்தது என்று சொல்வதற்கு, அது தன்னிடம் இருக்கிறது என்ற அறிவும் அவனுக்கு இருக்க வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பையில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டா குறித்த வழக்குகள் பலவற்றை இந்த நெறியின்படி உயர் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்துள்ளன. என் வழக்கும் அவ்வாறே தள்ளுபடியாயிற்று. நான் குற்றமற்றவன் என்று எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. சேமநிதியில் வாங்கிய கடனும் அண்மைக்காலம்வரை இருந்தது. கொள்ளி வைக்காத குறை மட்டும் எந்த நீதிமன்றமும் தீர்க்கக்கூடியதாக இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். என் வழக்கு நடந்த நாளில் இந்தக் குற்றத்துக்குத் தண்டனை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை என்று உயர்ந்திருக்கிறது. உரிமம் உள்ளவர்களுக்கும் இத்தகைய தொல்லை நேராமலில்லை. 2024 ஜூன் மாதத்தில் சென்னை விமான நிலையத்தில், தமிழ்நாட்டில் யாவரும் அறிந்த நடிகர் ஒருவரின் கைப்பையில் 40 தோட்டாக்கள் இருந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அவரிடம் உரிமம் இருந்தது; மறதியால் பையில் தங்கிவிட்டன என்று விளக்கம் கூறினார். மறதிக்குச் சாதாரணக் குமாஸ்தா என்றும் புகழ் பெற்றவர் என்றும் பேதமில்லை.

இப்பொழுது நான் எதற்காக இந்த மேடைக்கு வந்தேனோ அதைச் சொல்கிறேன். தாய்மார்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். ஏனெனில் நம் வீடுகளில் பெட்டி கட்டுவது நீங்கள்தாம்.

விமானப் பயணத்துக்கு எடுக்கும் பையை முதலில் வெறும் பையாக்குங்கள். தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள். பக்கத்துப் பைகள், அடியட்டை, பிரிந்த தையல் ஆகிய எல்லாவற்றிலும் கைவிட்டுப் பாருங்கள். படையிலும், காவல் துறையிலும், தொழிற்சாலையிலும், காவலர் பணியிலும் இருந்தவர்களுடைய பையாக இருந்தால் இரு முறை பாருங்கள். அப்பையை விமானத்துக்கு எடுக்காமல் இருப்பதே நலம்.

நினைவுப் பொருள் என்று பலர் வீட்டில் சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு இருக்கும். தோட்டா வடிவில் செய்த சாவிக்கொத்தும் சிகரெட் கொளுத்தியும் கடைகளில் விற்கின்றன. எக்ஸ்ரே திரையில் வெற்றுக்கூடும் ஐயத்தை எழுப்பும். அவற்றை வீட்டு அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர் உரிமம் உள்ள துப்பாக்கியை விட்டுச் சென்றால், தாமதமின்றி ஒப்படையுங்கள். ஒப்படைக்கும் நாளில் தோட்டாக்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் வீட்டைக் கவிழ்த்தாயினும் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கிடைத்துவிட்டால் குப்பையில் எறியவேண்டாம். காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள்.

பிறர் தரும் பொட்டலத்தைத் திறந்து பாராமல் வாங்காதீர்கள். "ஊருக்குத்தானே போகிறீர்கள், இதை என் தங்கையிடம் கொடுத்துவிடுங்கள்" என்று காலனியில் கேட்பது நம் அன்பு வழக்கம். அன்பைத் தடுக்க வேண்டாம். பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். தவறாக எண்ணுபவர் எண்ணட்டும்.

தீபாவளி நெருங்குகிறது. பட்டாசும் மத்தாப்பும் விமானத்தில் கைப்பையிலும் ஆகா, அடிச்சுமையிலும் ஆகா. ரயிலிலும் ஆகா என்பதை ரயில்வே ஊழியன் என்ற முறையில் சேர்த்தே சொல்கிறேன். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 67-ஆம் பிரிவு ஆபத்தான பொருள்களைச் சட்டம் வகுத்த முறைப்படியன்றிக் கொண்டுபோவதைத் தடுக்கிறது. மீறினால் 164-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. ஊரில் உள்ள பிள்ளைகளுக்குப் பட்டாசை அங்கேயே வாங்கிக் கொடுப்போம். சிவகாசி நம் ஊருக்குத்தானே அருகில் இருக்கிறது!

இவற்றுக்கு மேலாக ஒன்று. கவுண்டரில் நிற்கும்பொழுது ஐயம் தோன்றினால் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். சொன்னவனுக்கு நேரம் போகலாம். சில ரூபாய் போகலாம். சொல்லாதவனுக்கு எது போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கான்வாஸ் பை இன்றும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. எறிந்துவிடலாம் என்று மனைவி பலமுறை சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. அது நல்ல மனிதர் ஒருவருடைய பை. குற்றம் பையிலும் இல்லை, தோட்டாவிலும் இல்லை.

நாளை காலை எட்டு மணிக்கு நான் மறுபடியும் என் மேசையில் உட்காருவேன். மூட்டையோடு வருபவரிடம், "இஸ்மே க்யா ஹை?" என்று கேட்பேன். "கப்டா" என்பார். அந்த நாளுக்கு முன் அந்த ஒரு சொல்லோடு ரசீது எழுதிவிடுவேன். இப்பொழுது, "ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பாயி" என்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சிலர், வண்டிக்கு நேரமாகிறது என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். நான் காத்திருக்கிறேன்.

 விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் நலமே போய், எதிர்பார்த்திருப்பவர்களை உரிய நேரத்தில் கண்டு, நலமே திரும்பி வர வேண்டும் என்று அன்னை சரசுவதியை வேண்டி அமர்கிறேன்.